நிறுத்திய கல்லும் படித்த எழுத்தும்: எழுத்துடைக் கற்களைக் காட்சிப்படுத்திய முறைகளின் வரலாறு

1. முன்னுரை

1837ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பிரின்செப் பிராமி எழுத்துக்களைப் படித்தறிந்த வரலாறு மொழியியலாரும் எழுத்தியலாரும் நன்கறிந்த ஒன்று. சாஞ்சித் தூபியைச் சூழ்ந்த கல்வேலியில் காணப்பட்ட சிறு பொறிப்புகளின் படிகளைக் கேப்டன் எட்வர்டு ஸ்மித் அவருக்கு அனுப்பியிருந்தார். அப்பொறிப்புகளுள் பெரும்பாலானவை ஒரே இரண்டு எழுத்துக்களில் முடிவதைப் பிரின்செப் கண்டார். வேலியின் தனித்தனி உறுப்புகளில் தனித்தனியே வெட்டப்பட்ட வாசகங்கள் ஒரு நீண்ட நூலின் பகுதிகளாக இருத்தல் இயலாது என்றும், கோயிலுக்குக் கொடை வழங்கியோரைக் குறிக்கும் வாசகங்களாகவே இருத்தல் வேண்டும் என்றும் அவர் கருதினார். அவ்வாறாயின் இறுதி இரண்டு எழுத்துக்களும் 'தானம்' என்னும் சொல்லாதல் வேண்டும். இவ்வூகமே ஏனைய எழுத்துக்களுக்கும் வழி திறந்தது.

இந்நிகழ்ச்சியில் போதிய அளவு கவனிக்கப்படாத கூறு ஒன்று உண்டு. பிரின்செப்புக்குத் துணைசெய்தது எழுத்தின் வடிவம் மட்டுமன்று. எழுத்து இருந்த இடமும் ஆகும். ஒவ்வொரு வாசகமும் வேலியின் ஓர் உறுப்பில் தனித்து நின்றது என்னும் செய்தியே அவரது ஊகத்திற்கு அடிப்படையாயிற்று. அவ்வுறுப்புகள் இடமறியாத் துண்டுகளாகச் சிதறிக் கிடந்திருப்பின் இவ்வூகம் அத்துணை எளிதாகத் தோன்றியிராது.

கல்வெட்டு மொழியை ஆராய்வோர் பெரும்பாலும் அச்சிட்ட பாடத்திலிருந்தே தொடங்குகின்றனர். அப்பாடத்தைத் தாங்கிய கல் எவ்வாறு பெயர்க்கப்பட்டது, எவ்வாறு கொண்டுசெல்லப்பட்டது, அருங்காட்சியகத்தில் எவ்வாறு நிறுத்தப்பட்டது என்பன வேறொரு துறையாரின் பணி என விடப்படுகின்றன. ஆயினும் கல்லைக் காட்சிக்கு ஆயத்தம் செய்து நிறுத்தும் கைவினை, மொழிச் சான்றின் ஒரு பகுதியைக் காக்கவும் வல்லது, அழிக்கவும் வல்லது. இதனைச் சில வரலாற்று எடுத்துக்காட்டுகளின் வழியே நிறுவ இக்கட்டுரை முற்படுகிறது. அவற்றினின்று பெறப்படும் செய்முறை நெறிகளும் இறுதியில் தொகுத்துரைக்கப்படுகின்றன.

2. அருங்காட்சியகத்திற்கு முந்தைய ஒரு முயற்சி

எழுத்துடைக் கல்லை ஓரிடத்தினின்று பெயர்த்துப் பிறிதோரிடத்தில் காட்சியாக நிறுத்தும் வழக்கம் ஐரோப்பியரோடு இந்தியாவிற்கு வந்ததன்று. தில்லியை 1351 முதல் 1388 வரை ஆண்ட பிரோஸ் ஷா துக்ளக், இன்றைய அரியானா மாநிலத்திலுள்ள தோப்ராவிலிருந்து அசோகரின் தூண் ஒன்றைத் தில்லிக்குக் கொணர்ந்தார். ஏறத்தாழ 13 மீட்டர் நீளமுடைய ஒற்றைக்கல் தூண் அது. அப்பணி நிகழ்ந்த முறையைப் பாரசீக மொழி வரலாற்றாசிரியரான ஷம்ஸ்-இ-சிராஜ் அபீப் விரிவாக எழுதியுள்ளார்.

அவர் கூறுவதன்படி, தூணின் அடியில் மண்ணை அகழ்வதற்கு முன்னர் அதனைச் சுற்றி இலவம்பஞ்சு மெத்தைகள் பரப்பப்பட்டன. அடிமண் நீக்கப்பட்டதும் தூண் அம்மெத்தைகளின்மேல் மெல்லச் சாய்ந்தது. பின்னர்ப் பஞ்சு சிறிது சிறிதாக அகற்றப்பட்டுத் தூண் தரையில் கிடத்தப்பட்டது. நாணலாலும் பதனிடாத தோலாலும் அடிமுதல் நுனிவரை அது பொதியப்பட்டது. 42 சக்கரங்களையுடைய வண்டியில் ஏற்றப்பட்டு, ஒவ்வொரு சக்கரத்திலும் பிணித்த வடத்தைப் பலர் கூடி இழுக்க, யமுனைக் கரையை அடைந்தது. அங்கிருந்து பெரும் படகுகளில் பிரோசாபாத்துக்குச் சென்றது. அங்கு அதற்கெனக் கட்டப்பட்ட அடுக்குமாளிகையின் உச்சியில் நிறுத்தப்பட்டது.

இன்றைய அருங்காட்சியகப் பணியாளர் ஒருவர் இவ்விவரிப்பைப் படிப்பாராயின் தம் தொழிலின் அடிப்படை நெறிகள் அனைத்தையும் இதனுள் காண்பார். பொருள் விழும் திசையை முன்னரே அறிந்து மெத்தை இடுதல், மேற்பரப்பு உராயாதவாறு பொதிதல், எடையைப் பல புள்ளிகளில் பகிர்ந்தளித்தல், நிறுத்தும் இடத்தை முன்னரே கட்டி முடித்தல் என்பன அவை. இப்பொதியலின் பயனை மொழி வரலாறு பெற்றது. அசோகரின் ஏழாம் தூண் சாசனம் வேறெந்தத் தூணிலும் இல்லை; இத்தூணில் மட்டுமே உள்ளது. பெயர்க்கும்போது இதன் மேற்பரப்பு சிதைந்திருப்பின் அச்சாசனம் முழுவதும் நமக்குக் கிடைத்திராது.

பிரோஸ் ஷா மீரட்டிலிருந்து கொணர்ந்த மற்றொரு தூணின் கதை வேறு. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பரூக்சியர் ஆட்சிக்காலத்தில், வெடிவிபத்தொன்றில் அது ஐந்து துண்டுகளாயிற்று. எழுத்துள்ள பகுதி பின்னர் அறுத்தெடுக்கப்பட்டுக் கல்கத்தாவிலிருந்த ஆசியக் கழகத்திற்கு அனுப்பப்பட்டது. 1866இல் அது தில்லிக்குத் திரும்பியது. மறு ஆண்டில் துண்டுகள் இணைக்கப்பட்டுத் தூண் மீண்டும் நிறுத்தப்பட்டது. எழுத்தை மட்டும் பிரித்தெடுத்துக் காத்தால் போதும் என்னும் கருத்து ஒரு காலத்தில் ஏற்கப்பட்டிருந்ததையும், எழுத்தும் அதனைத் தாங்கிய உடலும் பிரிக்கத்தகாதன என்னும் கருத்து பின்னர்த் தோன்றியதையும் இத்தூணின் பயணம் காட்டுகிறது.

3. பார்குத்: தன் பெயரைத் தானே கூறும் கல்

இவ்விரண்டு கருத்துக்களுக்கும் இடையிலான இழுபறி தெளிவாக விளங்குமிடம் பார்குத் ஆகும். இன்றைய மத்தியப் பிரதேசத்தின் சத்னா மாவட்டத்திலுள்ள இவ்வூரில் 1873இல் அலெக்சாண்டர் கன்னிங்காம் ஒரு பௌத்தத் தூபியின் எச்சங்களைக் கண்டறிந்தார். தூபியின் செங்கற்களை ஊரார் முன்னரே எடுத்துச்சென்றுவிட்டனர். எனினும், கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சார்ந்த செம்மணற்கல் வேலியின் ஒரு பகுதியும் கீழைத் தோரண வாயிலும் எஞ்சியிருந்தன. இவை கல்கத்தாவிலுள்ள இந்திய அருங்காட்சியகத்திற்கு அனுப்பப்பட்டன. தாம் விட்டுச்சென்றவற்றுள் பெயர்க்கத்தக்க கற்கள் யாவும் பின்னர்க் கட்டடப் பணிக்கென எடுத்துச் செல்லப்பட்டன என்று கன்னிங்காம் 1879இல் வெளியிட்ட நூலில் எழுதியுள்ளார். அவ்வாறு சிதறியவற்றுள் ஒரு பகுதியைச் சதீஷ் சந்திர காலா பிற்காலத்தில் சுற்றுவட்டாரச் சிற்றூர்களிலிருந்து திரட்டி அலகாபாத் அருங்காட்சியகத்திற்குக் கொண்டு சேர்த்தார்.

பார்குத் வேலி கல்லால் ஆயினும் அதன் அமைப்பு முறை தச்சருடையது. செங்குத்தான தூண்களின் பக்கங்களில் குழிகள் தோண்டப்பட்டு, அவற்றுள் மூன்று குறுக்குக் கற்கள் செருகப்படுகின்றன. தூணின் உச்சியில் விடப்பட்ட முளை, மேலே கிடக்கும் தலைக்கல்லின் அடிக்குழியில் பொருந்துகிறது. சாந்தோ பசையோ இன்றி, எடையும் பொருத்தமுமே வேலியை நிறுத்துகின்றன. ஆகவே, கல்கத்தாவில் இதனை மீண்டும் நிறுத்தியோர் புதிய தாங்குமுறை ஒன்றைத் தேடவேண்டியிருக்கவில்லை. முளையையும் குழியையும் பின்பற்றினாலே போதுமானதாயிருந்தது. ஏறத்தாழ 2.7 மீட்டர் உயரமுள்ள அவ்வேலி அருங்காட்சியகக் கூடத்தினுள்ளே வேலியாகவே நிறுத்தப்பட்டது. தனித்தனிச் சிற்பங்களாகச் சுவரில் தொங்கவிடப்படவில்லை என்பது பெரும்பேறு.

இதனைப் பெரும்பேறு என்பதற்கு மொழியியல் காரணம் உண்டு. பார்குத் பொறிப்புகள் பிராகிருத மொழியில், பிராமி எழுத்தில் அமைந்தவை, இருவகைப்பட்டவை. ஒருவகை, கொடையாளர் பொறிப்புகள். கொடுத்தவரின் பெயரும் ஊரும் கூறி, தூணாயின் 'தபோ தானம்' என்றும், குறுக்குக் கல்லாயின் 'சூசி தானம்' என்றும் அவற்றுட் பல முடிகின்றன. 'தபோ' என்பது தம்பம், அதாவது தூண். 'சூசி' என்பது ஊசி. இரு தூண்களுக்கிடையே செருகப்படும் கல்லுக்கு அஃது ஆகுபெயர். ஊசி செருகப்படுவது போலக் கல் குழியினுள் நுழைவதைக் கண்முன் காணாதவனுக்கு இப்பெயரின் பொருத்தம் விளங்காது. வாசகம் தான் பொறிக்கப்பட்ட பொருளையே குறிப்பதால், இலக்கண நோக்கில் இதனைச் சுட்டுத்தன்மை உடைய தொடர் எனல் பொருந்தும். சுட்டப்படும் பொருள் தன் நிலையில் இல்லையாயின் சுட்டும் பொருளிழக்கிறது.

மற்றொருவகை, சிற்பத்தில் உள்ளது இன்னதெனக் கூறும் பெயர்ப் பொறிப்புகள். 'குபிரோ யகோ' எனக் குபேர யட்சன் அருகிலும், 'சிரிமா தேவதா' எனப் பெண்தெய்வம் ஒன்றின் அருகிலும் காணப்படுகின்றன. சாதகக் கதைச் சிற்பங்கள் பலவற்றிலும் கதையின் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. இவற்றுட் பெரும்பாலானவை வினையற்ற பெயர்த்தொடர்கள். நிகழ்ச்சியை விளக்க வேண்டியவிடத்தில் மட்டும் வினை வருகிறது. அனாதபிண்டிகன் கோடிப்பொன் பரப்பி வாங்கிய சேதவனத்தைக் கொடுப்பதாகக் கூறும் பொறிப்பு இத்தகையது. இன்றைய அருங்காட்சியகப் பெயர்ச்சீட்டின் இலக்கணமும் இதுவே: பொருளின் பெயர் எழுவாய் வடிவில் நிற்கும், வினை அருகியே வரும். காட்சிப்பொருளும் அதன் விளக்கமும் ஒரே கல்லில், ஒரே காலத்தில் அமைந்த மிகப் பழைய இந்தியச் சான்றுகளுள் பார்குத்தை வைத்து எண்ணலாம்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. அஃது எளிதில் கண்ணுக்குப் புலப்படாதது. கட்டுமானக் கற்களில் கல்தச்சர் தம் பயன்பாட்டிற்கென வெட்டிய அடையாள எழுத்துக்களைக் கன்னிங்காம் கண்டறிந்தார். வேலியில் உள்ளவை பிராமி எழுத்துக்கள். ஆயின், தோரணத்தின் மேற்பகுதியிலுள்ள சிறு தூண்களில் கரோஷ்டி எழுத்துக்கள் காணப்பட்டன. கரோஷ்டி வடமேற்கு இந்தியாவிற்குரிய எழுத்து. எனவே தோரண வாயிலில் வடமேற்கிலிருந்து வந்த கல்தச்சர் பணியாற்றினர் என்று அவர் முடிவு செய்தார். ஒரே கட்டடத்தில் இரண்டு எழுத்து மரபினர் அருகருகே பணியாற்றியமைக்கு இது சான்று. இச்சான்று வழிபடுவோருக்காக எழுதப்பட்டதன்று. கற்களைப் பொருத்தியோர்க்கு உரியது. சிறு தூண்களை அழகுக்காகச் சாந்திட்டுப் பூசியிருப்பின் இச்சிற்றெழுத்துக்கள் மறைந்திருக்கும். கல்லைக் காட்சிக்கு ஆயத்தம் செய்வோர், அதன் பொருத்துமுகங்களையும் எழுத்துக்களைப் போன்றே மதித்தல் வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை.

கல்கத்தாவில் வேலி நிறுத்தப்பட்டிருந்தமையால் பிற்கால ஆய்வாளர் பொறிப்புகளைக் கல்லிலேயே ஒப்பிட்டுப் படிக்க முடிந்தது. வேணிமாதவ பருவாவும் குமார கங்கானந்த சின்காவும் 1926இல் வெளியிட்ட பதிப்பும், ஹைன்ரிக் லூடர்ஸ் ஆயத்தம் செய்து அவர் மறைவிற்குப்பின் 1963இல் வெளிவந்த தொகுதியும் இவ்வாய்ப்பின் பயன்களாகும்.

4. அமராவதி: சுவரான கல்

பார்குத்துக்கு நேர்ந்த நற்பேறு அமராவதிக்கு வாய்க்கவில்லை. கிருஷ்ணையாற்றின் தென்கரையிலுள்ள இப்பெருந்தூபியைப் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் காலின் மெக்கன்சி கண்டார். 1816 முதல் அவரும் அவருடைய உதவியாளரும் தூபியின் அமைப்பையும் கற்களையும் வரைபடங்களாக்கினர். அதன்பின் கற்கள் பல திசைகளிற் பிரிந்தன. சில சுண்ணாம்பிற்கெனச் சுடப்பட்டன. சில மசூலிப்பட்டினத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டுச் சந்தைச் சதுக்கத்தை அழகுபடுத்த நிறுத்தப்பட்டன. 1845இல் வால்டர் எலியட் அகழ்ந்தெடுத்தவை சென்னைக்கு வந்து பல ஆண்டுகள் வெட்டவெளியிற் கிடந்தன. 1858இல் லின்னேயஸ் டிரைப் அவற்றைப் புகைப்படம் எடுத்தார். அவற்றுட் பெரும்பகுதி 1859இல் இலண்டன் சென்றது. 1880இல் பிரித்தானிய அருங்காட்சியகத்தின் உடைமையாயிற்று. 1881-82இல் ஜேம்ஸ் பர்கெஸ் அகழ்ந்தவை சென்னை அருங்காட்சியகத்தை அடைந்தன.

சென்னையில் இக்கற்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப்பகுதியில் சிமெண்டுச் சாந்து கொண்டு சுவர்களிற் பதிக்கப்பட்டன. இதனைக் கவனக்குறைவு என்று கூறுதல் முறையன்று. உயரமும் அகலமும் மிகுந்து தடிப்புக் குறைந்த பலகைக்கற்களைத் தனியே நிறுத்துதல் கடினம். சுவரே மலிவான தாங்கி. சிமெண்டு அக்காலத்தில் வலிமையின் அடையாளமாகக் கருதப்பட்டது. சிற்பம் முன்முகத்திலிருந்து காணத்தக்கது என்னும் எண்ணமும் நிலவியது. அன்றைய அறிவின் எல்லைக்குள் அது முறையான பணியே.

ஆயினும் அதன் விளைவுகள் பிற்காலத்தில் வெளிப்பட்டன. அமராவதிக் கற்கள் சுண்ணாம்புக்கல் வகையைச் சார்ந்தவை. சிமெண்டில் நீரிற் கரையும் உப்புக்கள் உள்ளன. சுவர் ஈரத்தை உறிஞ்சும்போது அவ்வுப்புக்கள் கரைந்து நகர்கின்றன. சிமெண்டு கடினமாகவும் நீர் புகாததாகவும் இருப்பதால் ஈரம் அதன் வழியே வெளியேறாமல் கல்லின் வழியே வெளியேறுகிறது. கல்லின் மேற்பரப்பை அடைந்ததும் நீர் ஆவியாக, உப்பு படிகமாகி மேற்பரப்பை மெல்லிய செதில்களாகப் பெயர்க்கிறது. எழுத்து இருப்பதோ மேற்பரப்பின் சில மில்லிமீட்டர் ஆழத்தில். உருவச்சிற்பம் ஒரு செதிலை இழந்தாலும் உருவம் எஞ்சும். எழுத்து ஒரு செதிலை இழந்தால் அசை ஒன்று மறையும், அசையோடு ஊர்ப்பெயரோ வேற்றுமை உருபோ மறையும். சுண்ணாம்புச் சாந்து பயன்படுத்தப்பட்டிருப்பின், அது கல்லினும் மென்மையாதலின், உப்பும் ஈரமும் சாந்தின் வழியே வெளியேறிச் சாந்தே தேய்ந்திருக்கும்.

இரண்டாவது இழப்பு, கல்லின் பின்முகம். அமராவதியில் பழைய பலகைக்கற்கள் திருப்பி வைக்கப்பட்டு மறுபுறமும் செதுக்கப்பட்டதுண்டு. பிரித்தானிய அருங்காட்சியகத்திலுள்ள புகழ்பெற்ற பலகைக்கல் ஒன்றின் ஒருபுறம் கி.மு. முதல் நூற்றாண்டைச் சார்ந்த போதிமர வழிபாட்டுக் காட்சியும், மறுபுறம் ஏறத்தாழ கி.பி. மூன்றாம் நூற்றாண்டைச் சார்ந்த தூபியின் உருவமும் உள்ளன. இத்தகைய கல்லைச் சுவரிற் பதித்தால் ஒரு நூற்றாண்டு காணப்படும். மற்றொரு நூற்றாண்டு புதைக்கப்படும். இலண்டனிலும் இக்கற்கள் நெடுங்காலம் படிக்கட்டுச் சுவர்களிலும் பின்னர்க் கிடங்கிலும் இருந்து, 1992இலேயே வெப்பமும் ஈரப்பதமும் கட்டுப்படுத்தப்பட்ட தனிக்கூடத்தை அடைந்தன.

மூன்றாவது இழப்பு மொழியியலார்க்கு மிகவும் உரியது. அமராவதிப் பொறிப்புகளும் பார்குத்தில் உள்ளவற்றைப் போலவே தாம் இருக்கும் உறுப்பின் பெயரைக் கூறுகின்றன. தலைக்கல்லை 'உனிச' என்றும், பலகைக்கல்லைப் 'பட' என்றும் அவை வழங்குகின்றன. இவற்றுள் தமிழர்க்குத் தனி ஈடுபாடு விளைவிக்கும் பொறிப்பு ஒன்று உண்டு. 'தமிள' என்னும் அடையோடு கூடிய கண்ஹன் என்பவனும் அவன் தம்பியும் தங்கையும் பெருந்தூபியின் அடியில் நிமிர்நிலைப் பலகைக்கல் ஒன்றைக் கொடையளித்ததை அது தெரிவிக்கிறது. தமிழரைக் குறிக்கும் இனப்பெயர் பிராகிருதத்தில் பெற்ற வடிவத்தை ஆராய்வோர் இதனை எடுத்துக்காட்டுவர். ஆனால் பொறிப்பு பெயரை மட்டும் கூறவில்லை. கல் எந்நிலையில், எவ்விடத்தில் நிறுத்தப்பட்டது என்பதையும் கூறுகிறது. நிமிர்ந்து நிற்றல், பெருந்தூபியின் அடியில் நிற்றல் ஆகிய இரண்டும் அக்கொடையின் பகுதிகள். சுவர் நடுவே பிற கற்களோடு கலந்து பதிக்கப்படும் கல்லில் இவ்விரண்டு செய்திகளும் படிக்கப்படலாம், உணரப்படுதல் அரிது.

5. பெயர்ப்பதா, விட்டுவைப்பதா

அமராவதிக் கற்களைச் சென்னைக்குக் கொண்டுவருவது பற்றி அக்காலத்திலேயே கருத்து வேறுபாடு எழுந்தது. தொல்சின்னங்களின் காப்பாளராக 1881இல் பொறுப்பேற்ற ஹென்றி ஹார்டி கோல், மூலச் சிற்பங்கள் அவை பிறந்த இடத்திலேயே காக்கப்படவேண்டும் என்றும், அருங்காட்சியகங்களுக்கு அவற்றின் வார்ப்புகள் போதும் என்றும் வாதிட்டார். பர்கெஸ், காவலற்ற இடத்தில் கற்கள் அழியும் என்று கருதினார். சுண்ணாம்புச் சூளைகளைக் கண்டவர்க்கு அக்கருத்து தவறாகத் தோன்றாது.

கோலின் வாதத்திற்குப் பின்னால் கைவினைப் பட்டறிவு ஒன்று இருந்தது. 1869-70இல் அவர் சாஞ்சியின் கீழைத் தோரண வாயிலை முழு அளவில் வார்ப்பெடுத்தார். ஏறத்தாழ 28 டன் எடையுள்ள பாரிஸ் சாந்தும் ஊன்பசையும் மாட்டு வண்டிகளில் சாஞ்சிக்குக் கொண்டுசெல்லப்பட்டன. ஆழ்ந்து செதுக்கிய சிற்பங்களுக்கு விறைப்பான சாந்து அச்சு பொருந்தாது. எடுக்கும்போது அச்சு உடையும், அல்லது கல் உடையும். இளகிய ஊன்பசையைப் பூசி உறையவிட்டால் அது நெகிழ்ந்து வெளிவரும். அதனுள் சாந்தூற்றிப் பகுதி பகுதியாக வார்த்து, கப்பலேற்றி, இலண்டனிலிருந்த சௌத் கென்சிங்டன் அருங்காட்சியகத்தில் பொருத்தினர். பத்து மீட்டர் உயரமுள்ள தோரணம் அங்கு எழுந்தது; மூலமோ சாஞ்சியிலேயே நின்றது.

அந்த வார்ப்பு இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அழிக்கப்பட்டது. மூலம் இன்றும் உள்ளது. கோலின் கொள்கைக்கு இதனினும் தெளிவான உரை வேண்டுவதில்லை.

1902இல் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராகப் பொறுப்பேற்ற ஜான் மார்ஷல் காலத்தில் மூன்றாவது வழி ஒன்று வலுப்பெற்றது. அகழ்ந்தவற்றை அகழ்ந்த இடத்தருகிலேயே காட்சிப்படுத்தும் கள அருங்காட்சியகம் அது. சாரநாத்தில் 1910இலும், சாஞ்சியில் 1919இலும் இவை அமைந்தன. எனினும் இவ்வழியிலும் பிரிவினை முற்றும் நீங்கவில்லை. சாரநாத்தில் 1904-05இல் எப்.ஓ. ஊர்ட்டல் அகழ்ந்த அசோகர் தூணின் சிங்கத் தலைப்பகுதி அருங்காட்சியகத்தினுள் உள்ளது. எழுத்தைத் தாங்கிய அடித்துண்டு அகழ்விடத்தில் உள்ளது. 1950 சனவரி 26 முதல் நாட்டின் இலச்சினையாக விளங்கும் சிங்கங்களை அறியாதார் இல்லை. அச்சிங்கங்களின் கீழே, சங்கத்தைப் பிளவுபடுத்துவோர்க்கு எதிரான ஆணை ஒன்று பிராகிருதத்தில் வெட்டப்பட்டிருந்தது என்பதை அறிந்தோர் சிலரே. உருவத்தையும் எழுத்தையும் சில நிமிட நடைத் தொலைவு பிரித்தாலே போதும். காண்போர் மனத்தில் அவை இரு வேறு பொருள்களாகிவிடுகின்றன.

6. செய்முறை நெறிகள்

மேற்கண்ட வரலாற்றிலிருந்து, எழுத்துடைக் கற்களைக் காட்சிக்கு ஆயத்தம் செய்வதில் கொள்ளத்தக்க நெறிகள் சிலவற்றைப் பெறலாம்.

6.1 நிறுத்துமுன் படியெடுத்தல். கல்லின் எல்லா முகங்களையும், முளை, குழி ஆகிய பொருத்துமுகங்கள் உட்பட, நிறுத்துவதற்கு முன்னரே படியெடுத்தல் வேண்டும். கல்லை நீரும் தூரிகையும் கொண்டு கழுவி, நனைத்த தாளைப் பரப்பி, எழுத்தின் குழிகளில் தாள் படியுமாறு தூரிகையால் தட்டி, ஓரளவு உலர்ந்தபின் மையொற்றும் முறை நம் நாட்டில் நன்கு பழகியது. செதிலாகும் கல்லில் இதனைச் செய்தல் தகாது. அங்குச் சாய்வொளிப் புகைப்படமே ஏற்றது. இன்று முப்பரிமாண அளவீடும் துணைசெய்கிறது.

6.2 தாங்குதல். கல்லின் எடை முழுவதும் அடியிலுள்ள பீடத்தில் இறங்குதல் வேண்டும். பக்கப் பிடிகள் சாயாமல் தடுக்கவே உரியன. இரும்புப் பிடி துருவேறும்போது பருத்துக் கல்லைப் பிளக்கும். துருப்பிடிக்காத எஃகே தக்கது. அதற்கும் கல்லுக்குமிடையே மென்மையான தகடு இடுதல் வேண்டும். சுவருக்கும் கல்லுக்கும் இடையே கை நுழையும் அளவேனும் இடைவெளி விடவேண்டும். காற்றோட்டத்திற்கும் பின்முகத்தை ஆராய்வதற்கும் அஃது உதவும். இன்று நிறுத்துவதை நாளை சேதமின்றி எடுக்க முடியவேண்டும் என்பது இதன் சாரம். முளையும் குழியும் கொண்டு நிறுத்திய பார்குத் தச்சர் இந்நெறியை அறிந்திருந்தனர்.

6.3 ஒளி. எழுத்துக்கு நேரெதிரே அமைந்த விளக்கு எழுத்தை அழித்துவிடும். ஆழமற்ற வெட்டுகளைப் புலப்படுத்துவது நிழல். நிழலைத் தருவது பக்கவாட்டிலிருந்து சாய்ந்து விழும் ஒளி. ஓர் அருங்காட்சியகத்தில் எழுத்தே இல்லையென்று கருதிக் கடந்துசெல்லவிருந்த பலகைக்கல்லில், உடன்வந்த ஆய்வு மாணவர் கைவிளக்கைப் பக்கத்திலிருந்து காட்டியபோது மூன்று வரிகள் தோன்றியதை இக்கட்டுரையாளர் கண்டதுண்டு. ஒளி மேலிருந்து, இடப்புறமாக விழுதல் நன்று. கீழிருந்து விழுமாயின் குழிந்த எழுத்து புடைத்த எழுத்தாகக் கண்ணுக்கு மயக்கந் தரும்.

6.4 உயரம். தலைக்கல்லின் பொறிப்பைக் கண்மட்டத்தில் வைத்தால் படிக்கலாம். ஆயின் அது தலைக்கல் என்பது மறையும். உரிய உயரத்தில் வைத்தால் நிலை விளங்கும், எழுத்து எட்டாது. இதற்குத் தீர்வு, கல்லை அதன் உரிய நிலையில் நிறுத்தி, மைப்படியைக் கண்மட்டத்தில் வைத்தலாகும். தனிக்கல்லாயின், முழு வேலியின் கோட்டுப்படத்தில் அக்கல்லின் இடத்தை நிறமிட்டுக் காட்டலாம்.

6.5 பெயர்ச்சீட்டு. 'பலகைக்கல், அமராவதி, சுண்ணாம்புக்கல், இரண்டாம் நூற்றாண்டு' என்பது போன்ற சீட்டு கல்லைப் பற்றிக் கூறுகிறது. கல் கூறுவதைக் கூறவில்லை. எழுத்துடைக் கல்லுக்கு நான்கு செய்திகளேனும் வேண்டும்: காண்போர் அறிந்த எழுத்தில் மூலவாசகம், அதன் மொழிபெயர்ப்பு, கட்டடத்தில் அக்கல் நின்ற இடம், அது வந்து சேர்ந்த வழி. சீட்டு குறுகியிருத்தல் நன்றே. ஆனால் பார்குத் பெயர்ப் பொறிப்புகளும் குறுகியவைதாம். அவை கூறவேண்டியதைக் கூறாமல் விடவில்லை.

6.6 செப்பேடுகள். கல்லுக்குக் கூறியவை செப்பேட்டுக்கும் பொருந்தும். சென்னை அருங்காட்சியகத்திலுள்ள முதலாம் இராசேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் 31 ஏடுகளையுடையவை. முத்திரையோடு கூடிய வளையத்திற் கோக்கப்பட்டவை. வளையத்தை அறுத்தால் ஏடுகளைப் பரப்பிக் காட்டலாம். ஆனால் ஏடுகளின் வரிசைக்கும் முழுமைக்கும் சான்றாவது அவ்வளையமே. செப்பேடுகளைப் பதிப்பித்த கல்வெட்டறிஞர்கள், தம் கைக்கு வந்தபோது வளையம் அறுபட்டிருந்ததா இல்லையா என்று தவறாது குறித்துவைத்தமைக்குக் காரணம் இதுவே. காட்சிக்கென வளையத்தை அறுத்தல் தகாது. ஏடுகளின் படங்களைப் பரப்பிக் காட்டி, மூலத்தைக் கோத்த நிலையிலேயே வைத்தல் வேண்டும்.

7. முடிவுரை

எழுத்துடைக் கல் அருங்காட்சியகத்துள் நுழையும்போது மூன்று உறவுகளை இழக்கக்கூடும். கட்டடத்தின் பிற உறுப்புகளோடு கொண்ட உறவு ஒன்று. தன் பின்முகத்தோடும் பொருத்துமுகங்களோடும் கொண்ட உறவு மற்றொன்று. தன்னைச் சுட்டிக் கூறும் வாசகத்தோடு கொண்ட உறவு மூன்றாவது. இவற்றைக் காப்பதற்குப் பெரும்பொருட்செலவு தேவையில்லை. எதனைக் காக்கவேண்டும் என்னும் அறிவே முதலில் தேவை. அவ்வறிவை வழங்குவதில் மொழியியலார்க்கும் பங்கு உண்டு. காட்சிக்கூடம் அமைக்கும் குழுவில் கட்டடக் கலைஞரும் வேதியியல் காப்பாளரும் இடம்பெறுவதைப் போன்று, வாசகத்தைப் படிக்கவல்ல ஒருவரும் இடம்பெறுதல் வேண்டும்.

பிரோஸ் ஷா தாம் நிறுத்திய தூணின் எழுத்தைப் படிக்குமாறு அந்தணர் பலரை அழைத்தார் என்றும், ஒருவராலும் படிக்க இயலவில்லை என்றும் அபீப் எழுதியுள்ளார். படிக்கவியலாத அவ்வெழுத்தைப் பஞ்சிலும் நாணலிலும் தோலிலும் பொதிந்து கொணர்ந்தோர் அதன் பொருளை அறியார். நானூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கழிந்தபின் பிரின்செப் அதனைப் படித்தார். நம் அருங்காட்சியகங்களிலும் இன்று நாம் படிக்க அறியாத எழுத்துக்களும், எழுத்தென்றே நாம் உணராத தச்சர் குறிகளும் உள்ளன. அவற்றைப் படிப்பவர் பின்னர் வரக்கூடும். அவர் வரும்போது கல்லின் எந்த முகமும் சுவரினுள் மறைந்திருத்தல் கூடாது.